பல்லனின் எலும்புகளை எழுதிய கதை

என் தொழில் கால் செய்வது. கிளிநொச்சிப் பக்கம் ஒரு வேலைத்தலத்தில் பதினைந்து வருடங்களாகச் செயற்கைக் கால் செய்கிறேன். மிஞ்சிய காலில் பரிஸ் சாந்துத் துணி சுற்றி அச்செடுக்க வேண்டும். அந்த அச்சுக்குள் சாந்து வார்த்துக் காலின் வடிவத்தை மீட்க வேண்டும். அரத்தால் சீவித் திருத்தி, அடுப்பில் இளகிய பொலிபுரொப்பிலீன் தகட்டை அதன்மேல் போர்த்தி, காற்றை உறிஞ்சி எடுத்தால், மிஞ்சிய கால் புகுந்து நிற்கும் சொக்கற் தயார். எலும்பு எங்கே முட்டும், பாரம் எங்கே இறங்கும் என்று விரலால் தடவியே சொல்லிவிடுவேன். அந்தத் துணிவில்தான் இந்த வேலையைத் தொட்டேன். ஒன்றே கால் மீட்டர் நீளமுள்ள ஒரு மிருகம் என்னை இடுப்பிலேயே விழுத்தியது.

தைப்பொங்கல் கழிந்த கிழமை அக்காவின் மகள் வந்தாள். தரம் 10 படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சியாம். "மாமா, உங்களிட்ட வெட்டின துண்டுகள் குவிஞ்சு கிடக்குத்தானே. ஒரு டைனோசர் செய்து தாங்கோவன்" என்றாள். சரி என்றேன். அப்புறம்தான் ரீச்சர் போட்ட நிபந்தனையைச் சொன்னாள். உருவம் மட்டும் கொண்டுவந்தால் புள்ளி இல்லை. எலும்புக்கூட்டை எலும்பு எலும்பாகத் தமிழில் விவரித்து எழுதவும் வேண்டும். உருவம்தான் பெரிய வேலை, எழுத்து ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும் என்று இருவரும் நினைத்தோம். உருவத்துக்கு ஏழு கிழமை போனது. எழுத்துக்கு ஐந்து மாதம்.

அவளுக்கு வேண்டியது பெரிய வாயோடு உறுமும் ஒன்று. எனக்கு வேண்டியது ஓட்டோவில் ஏறக்கூடிய ஒன்று. இழுபட்டு இழுபட்டு ஆதிகாலத் தாவர உண்ணிகளிடம் வந்து சேர்ந்தோம். பிளாட்டியோசோரஸை முதலில் பார்த்தோம். 1834இல் ஜெர்மனியின் நூரம்பேர்க் அருகே எடுத்த எலும்புகளுக்கு 1837இல் ஹெர்மன் ஃபொன் மேயர் வைத்த பெயர் அது. டைனோசர் என்ற சொல்லே அதற்கு ஐந்து வருடம் கழித்துத்தான் பிறந்தது. ஆனால் வளர்ந்த மிருகம் ஐந்து மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை போகும். என் வேலைத்தலத்தின் நீளமே அவ்வளவு இல்லை. ஸ்கெலிடோசோரஸ் நாலு மீட்டர், அதோடு தோல் முழுக்க எலும்புக் குமிழ்கள். அதையும் விட்டோம். கடைசியில் ஹெட்டரோடொன்டோசோரஸ். பெயரைச் சொல்லி முடிக்குமுன் தேத்தண்ணி ஆறிவிடும். 'வேறு வேறு பல்லுள்ள பல்லி' என்று அர்த்தமாம். மருமகள் உடனே 'பல்லன்' என்று வைத்துவிட்டாள். இனி நானும் அப்படியே சொல்கிறேன்.

பல்லன் தென்னாபிரிக்கக்காரன். வயது ஏறத்தாழ இருபது கோடி ஆண்டுகள். 1960களின் தொடக்கத்தில் பிரித்தானியரும் தென்னாபிரிக்கரும் சேர்ந்து போன பயணத்தில் மண்டையோடு கிடைத்தது. 1962இல் குரொம்ப்டன், சாரிக் என்ற இருவர் பெயர் வைத்தார்கள். முழுப்பெயரின் பின்பாதி 'டக்கி'. அந்தப் பயணத்துக்கு உதவிய ஒஸ்ரின் கார் கம்பனியின் இயக்குநர் ஒருவருடைய பெயர் டக். அவர் நினைவாக வைத்தது. யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின் கார்களில் குந்தி வளர்ந்தவன் நான். அந்தக் கணத்திலிருந்து பல்லன் எனக்குச் சொந்தக்காரன் ஆகிவிட்டான்.

அவனை எடுத்ததற்கு வேறு காரணமும் உண்டு. 1966இல் அதே இனத்தின் இன்னொரு எலும்புக்கூடு அகப்பட்டது. ஏறக்குறைய முழுசு, எலும்புகள் உயிரோடு இருந்தபோது இருந்த ஒழுங்கிலேயே. முழங்கால் எந்தப் பக்கம் மடிந்தது என்று ஊகிக்கத் தேவையில்லை, மடிந்தபடியே கிடக்கிறது.

"மாமா, இஞ்ச கிண்டினா வராதோ?" என்று ஒருநாள் கேட்டாள். வயல் பிள்ளை, கேட்கத்தான் செய்வாள். வராது. வவுனியாப் பக்கத்துக் கருங்கல் எல்லாம் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பழையது. பூமிக்கு அடியில் வெந்து உருமாறிய கல், அதில் எலும்பு நிற்காது. வடக்கே கடலை அண்டிய சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது, மூன்று கோடி ஆண்டுகள்கூட ஆகவில்லை. டைனோசர்கள் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டன. ஒன்று மெத்தப் பழசு, மற்றது மெத்தப் புதுசு. நடுவில் உள்ள ஜுராசிக் காலத்து மண் புத்தளத்துக்குக் கிட்ட, தப்போவைப் பக்கம், சிறு துண்டாகக் கிடக்கிறது. அதில் எடுத்தவை பன்னங்கள், சைக்கசு போன்றவற்றின் இலைத் தடங்கள். பல்லன் போன்றவர்கள் கடித்திருக்கக்கூடிய சாப்பாடு நம்மிடம் இருக்கிறது என்றேன். எங்களுக்குக் கிட்டிய ஆதித் தாவர உண்ணிகள் இந்தியாவில், பிராணஹிதா கோதாவரிப் பள்ளத்தாக்கில். அங்கே எடுத்த பாராபாசோரஸின் கூடு கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நிற்கிறது. கணக்குப் பார்க்கும் இடத்தில் எலும்புக்கூடு எப்படி வந்தது என்று மருமகள் கேட்டாள். எண்ணத்தானே வேண்டும் என்று சமாளித்தேன்.

விவரணை எப்படி எழுதுவார்கள் என்று பார்க்க, 1966ஆம் ஆண்டுக் கூட்டைப் பற்றி சாண்டா லூக்கா 1980இல் எழுதியதைத் தேடினோம். எடுத்ததற்கும் எழுதியதற்கும் இடையில் பதினாலு வருடம். மண்டையோட்டின் முழு விவரணை 2011இல்தான் வந்தது, பெயர் வைத்து நாற்பத்தொன்பது வருடம் கழித்து. ஸ்கெலிடோசோரஸின் கதை இதைவிட மோசம். 1858இல் இங்கிலாந்தின் சார்மவுத் கடற்கரைப் பாறையில் எடுத்தார்கள். ரிச்சர்ட் ஓவன் கொஞ்சம் எழுதினார், பிறகு விட்டுவிட்டார். ஒரு நூற்றாண்டு கழித்து 1960களில் அமிலத்தில் ஊறவைத்துக் கல்லைக் கரைக்கத் தொடங்கினார்கள். பல்லனுக்குப் பெயர் வைத்த அதே சாரிக்தான் அதையும் எழுதுவதாக இருந்தது. எழுதி முடிக்குமுன் காலமாகிவிட்டார். டேவிட் நோர்மன் 2020இலும் அடுத்த வருடமும் நாலு கட்டுரைகளாக எழுதி முடித்தார். ஒரு மிருகத்தை ஒழுங்காக எழுத நூற்று அறுபது வருடம். எங்கள் ஐந்து மாதத் தாமதம் பற்றி ரீச்சரிடம் இதைத்தான் சொல்லச் சொன்னேன். சொல்லவில்லை, பயந்துவிட்டாள்.

சாண்டா லூக்காவின் எழுத்தைத் தொலைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசிக்கும்போது எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. நான் தினமும் நோயாளர் அட்டையில் எழுதுவதும் இதேதான். இடமா வலமா. எவ்வளவு நீளம். எங்கே தழும்பு, எங்கே எலும்பு நீட்டிக்கொண்டிருக்கிறது, எங்கே அமத்தினால் நோகிறது. 'இவர் நன்றாக நடப்பார்' என்று முதல் வரியில் எழுத மாட்டோம். எலும்புக்காரர்களும் அப்படித்தான். முதலில் எந்தப் பக்கத்து எலும்பு, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, எங்கே நசுங்கியது, எந்த இடத்தைச் சாந்தால் நிரப்பியிருக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு முகமாக, முன், பின், உள், வெளி. அதன்பிறகு உறவுக்காரரோடு ஒப்பீடு. ஓடினானா, நடந்தானா என்பதெல்லாம் கடைசியில். நசுங்கியதை நசுங்கியது என்று எழுதாமல் விட்டால், அடுத்து வருபவன் அதை அந்த மிருகத்தின் இயல்பு என்று எடுத்துக்கொள்வான்.

பல்லனைத் தொடுமுன் கையில் இருக்கும் எலும்பை எழுதிப் பழகுவோம் என்று முடிவெடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கோழி. இடுப்பும் தொடையும் உடையாமல் வெட்டச் சொல்லி அக்காவிடம் கெஞ்சியாயிற்று. இறைச்சிக்கடையில் ஆட்டின் கீழ்த்தாடை ஒன்றும் வாங்கினோம். சுத்தம் செய்யும்போது ஒன்று கவனிக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க அவிக்கக்கூடாது. மெல்லிய சூட்டில் நாலைந்து மணித்தியாலம் விட்டால் சதை தானாகக் கழரும். கடும் கொதியில் கொழுப்பு எலும்புக்குள் ஏறி மஞ்சளாகிவிடும். வெளுக்க வைக்கப் பார்மசியில் விற்கும் 3 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டு போதும். சலவைக்குப் போடும் புளீச்சைத் தொடவே கூடாது. எலும்பை அரித்துச் சுண்ணாம்புப் பொடியாக்கிவிடும். இதையெல்லாம் செய்து, கூரைத் தகரத்தில் காயப் போட்ட முதல் கோழியைப் பூனை கொண்டுபோய்விட்டது. இரண்டாவது கோழிக்குக் கம்பி வலை போட்டோம்.

அந்தக் கோழி இடுப்பை மேசையில் வைத்து எழுதச் சொன்னேன். பத்து நிமிடம் பேனையைக் கடித்துவிட்டு, "வெள்ளையா, சின்னனா, ஓட்டை ஓட்டையா இருக்கு" என்று எழுதினாள். எங்கே ஓட்டை என்றேன். "தொடை பூட்டுற இடத்தில." உள்ளே விரலை விடு என்றேன். ஈர்க்கை விட்டாள். மறுபக்கம் வந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் நான் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன். மனித இடுப்பில் தொடையெலும்பின் குமிழ் பொருந்தும் இடம் கிண்ணம்போல இருக்கும். பாடப்புத்தகத்திலும் கிண்ணக்குழி என்றுதான் பெயர். அடி உள்ள கிண்ணம். கோழிக்கு அடி இல்லை, வெறும் வளையம். டைனோசர்களுக்கும் அப்படியே, திறந்த துவாரம். அவர்களை மற்ற ஊர்வனவற்றிலிருந்து பிரித்துப் பார்க்கும் அடையாளங்களில் இது முக்கியமானது. பதினைந்து வருடமாக இடுப்புப் பூட்டைப் பற்றியே யோசிக்கும் எனக்கு, வாராவாரம் கறிச்சட்டியில் கிடந்த துவாரம் கண்ணில் படவில்லை. எழுத வேண்டி வந்தபோதுதான் பட்டது.

அடுத்த சிக்கல் சொற்கள். எலும்புகளுக்குப் பெயர் பஞ்சமில்லை. தொடையெலும்பு, புயவெலும்பு, ஆரை, அரந்தி, பூப்பெலும்பு, திருவெலும்பு எல்லாம் புத்தகத்தில் உண்டு. ஆனால் ஒரு எலும்பின் மேலே உள்ள மேடு பள்ளங்களுக்கு? ஆங்கிலக் கட்டுரையில் ஒரே எலும்பில் இருபது விதமான குழியும் முனையும் வருகின்றன. முதலில் அகராதி பார்த்துப் பார்த்து எழுதினாள். வாசித்தால் எனக்கே விளங்கவில்லை, அவளுக்கும் விளங்கவில்லை. கொப்பியை மூடி வைத்துவிட்டு, உன் அப்பாவுக்குத் தொலைபேசியில் சொல்வதுபோல இந்த எலும்பைச் சொல் என்றேன். அத்தான் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவர்.

"அப்பா, மேல ஒரு மேடு. மேட்டில இருந்து கீழ வரைக்கும் வரம்பு மாதிரி ஓடுது. வரம்புக்குப் பக்கத்தில வாய்க்கால். வாய்க்கால் முடியிற இடத்தில ஒரு சின்ன துருசு, உள்ள போகுது."

அவ்வளவுதான். வரம்பு, வாய்க்கால், துருசு, மேடு, பள்ளம், கட்டு. தசை பிடித்த இடம் வரம்பாக உயர்ந்திருக்கும். நரம்போ இரத்தக்குழாயோ சாய்ந்து ஓடிய தடம் வாய்க்கால். எலும்புக்குள் இரத்தக்குழாய் நுழையும் துவாரம் துருசு. குளத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறக்கும் வாயை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், வேலையும் ஒன்றுதான். அகன்று கொஞ்சம் குழிந்த பரப்பை 'வயல்' என்று எழுதப் பார்த்தாள். அது கொஞ்சம் மிகை என்று நிறுத்தினேன். ஒரு விதி மட்டும் வைத்தோம். ஒரு சொல்லை ஒரு பொருளுக்குத்தான் பாவிக்க வேண்டும். ஓரிடத்தில் உயரமான கோட்டை வரம்பு என்றால் எல்லா இடத்திலும் வரம்பு. அழகுக்காக 'விளிம்பு', 'முகடு' என்று மாற்றக் கூடாது. தமிழ்ப் பாடத்தில் ஒரே சொல்லைத் திருப்பி எழுதினால் சிவப்பு மையால் வெட்டுவார்கள் என்றாள். இங்கே மாற்றினால் வாசிப்பவன் இது வேறு உறுப்போ என்று தேடப் போய்விடுவான் என்றேன்.

சரி, செய்த வேலைக்கு வருகிறேன்.

பல்லனின் தொடையெலும்பு ஏறத்தாழ 11 சென்ரிமீட்டர், என் உள்ளங்கை அளவு. படத்தில் உள்ள அளவுகோலை வைத்துப் பக்கவாட்டுத் தோற்றத்தை உண்மை அளவுக்குப் பெருப்பித்து, சீமெந்துப் பையின் உட்பக்கக் கடதாசியில் வரைந்து சுவரில் ஒட்டினோம். கழுத்தில் 9, முதுகில் 12, இடுப்போடு ஒட்டியது 6, வாலில் முப்பதுக்கு மேல் என்று முள்ளெலும்புகள். குளத்துக் களியில் ஒன்று பிடித்து, அதற்கு இரண்டு துண்டாகச் சாந்து அச்செடுத்து, எல்லாவற்றையும் அதிலேயே வார்த்தேன். கம்பியில் கோத்துப் பார்த்தால் மிருகம் மாதிரி இல்லை, மணிமாலை மாதிரி இருந்தது. ஒரே அச்சு என்பது என் சோம்பல். கழுத்தில் நீண்டு சாய்ந்திருக்கும், முதுகில் மேல்முள் தகடுபோல நிமிரும், வாலில் போகப் போகச் சிறுக்கும். கடைசியில் ஏழு அச்சு செய்தேன். இடையில் உள்ளவற்றை அரத்தால் சீவிச் சரிக்கட்டினேன்.

மருமகளுக்குச் சாந்து குழைக்கப் பழக்கியபோது முதல் மூன்று தடவையும் கோப்பைக்குள்ளேயே இறுகிவிட்டது. பங்குனி மாத மத்தியானம், கூரைமேல் உள்ள கறுப்புத் தாங்கியிலிருந்து வரும் தண்ணீர் கை சுடும். சூடான தண்ணீரில் சாந்து விரைவாக இறுகும். உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் விரைவு. பானைத் தண்ணீர் எடுத்து, தண்ணீருக்குள் சாந்தைத் தூவ வேண்டும், சாந்துக்குள் தண்ணீரை ஊற்றக்கூடாது. தீவுபோல மேலே தெரியத் தொடங்கினால் போதும், நிறுத்திக் கலக்கலாம்.

இனி, நான் விழுந்த இடம். இடுப்பு. என் கை பழகியபடி, இடுப்பெலும்பின் ஒரு பாகமான பூப்பெலும்பை முன்னோக்கி வைத்துவிட்டேன். மனிதனுக்கு அது முன்னால்தான். பல்லிக்கும் முதலைக்கும்கூட. பல்லன் சேர்ந்த கூட்டத்தில் அது பின்னோக்கித் திரும்பி, உட்கார்ந்தால் கதிரையில் படும் எலும்போடு ஒட்டியபடி கிடக்கும். 1887இல் சீலி என்பவர் இதை வைத்தே டைனோசர்களைப் பல்லியிடுப்பு, பறவையிடுப்பு என்று இரண்டாகப் பிரித்தார். இதில் ஒரு கூத்து உண்டு. பறவைகள் வந்தது பறவையிடுப்புக் கூட்டத்திலிருந்து அல்ல, பல்லியிடுப்புக் கூட்டத்திலிருந்து. கோழியின் பூப்பெலும்பு தனியாகப் பின்னுக்குத் திரும்பியது. இரண்டு வீட்டில் தனித்தனியே ஒரே மாதிரி படலை போட்டதுபோல.

பிழையைக் கண்டுபிடித்தது நான் அல்ல. எழுதிக்கொண்டிருந்தவள். "மாமா, பூப்பெலும்பு பின்னோக்கிச் சரிந்திருக்கும் எண்டு நான் எழுதிப்போட்டன். உங்கட உருவத்தில முன்னுக்கு நிக்குது. எதை மாத்திறது?" எழுத்தை மாற்றச் சொல்ல வாய் வந்தது. வாளை எடுத்து இடுப்பை வெட்டினேன்.

வெட்டியது வெட்டியதுதானே என்று தொடையையும் பார்த்தேன். அதுவும் பிழை. மனிதத் தொடையெலும்பின் கழுத்து தண்டோடு ஏறத்தாழ 125 பாகை சாய்வில் ஏறும். டைனோசருக்குத் தலை ஏறக்குறைய செங்கோணமாக உள்ளே திரும்பும், கதவுக் கொளுக்கி மாதிரி. அதனால் கால் உடம்புக்கு நேர் கீழே தூண்போல நிற்கும். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு தொடையைவிட ஏறத்தாழ முப்பது சதவீதம் நீளம். அதன் அடியில் கணுக்கால் எலும்புகள் கூடவே உருகி ஒன்றாகியிருக்கின்றன, பறவையைப் போல. பாதத்தின் நீள எலும்புகளும் அப்படியே ஒட்டியவை. பாரமும் வேகமும் உள்ள இடத்தில் மூட்டைக் குறைத்து ஒன்றாக்குவது என் தொழிலிலும் உண்டு. கழருகிற இடம் எத்தனை குறைவோ அத்தனை நல்லது.

அந்தக் கிழமை சொக்கற் இறுக்கமாக இருக்கிறது என்று ஒரு ஐயா வந்திருந்தார். காத்திருக்கும்போது வாங்கில் இருந்தபடி பல்லனின் தொடையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் நடுவில் கொக்கிபோலத் தொங்கும் முனையைக் காட்டி, "தம்பி, இது என்னத்துக்கு?" என்றார். வாலிலிருந்து வரும் பெரிய தசை அதில்தான் பிடிக்கும், அது இழுத்தால் கால் பின்னே போகும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப இவருக்குக் கால் போனாலும் பரவாயில்லை, வால் போனாத்தான் நடக்கேலாது." சரியாகச் சொன்னால் இரண்டும் போகக்கூடாது. ஆனால் தசை பற்றி அவர் சொன்னதில் பிழை இல்லை. மருமகள் அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டாள். விவரணையில் சேர்க்க ரீச்சர் விடவில்லை.

முதுகோடு ஓடும் எலும்பாகிய தசைநார்களுக்குத் தென்னோலை ஈர்க்கு வைத்தோம். அளவும் நிறமும் அப்படியே பொருந்தியது. முதுகிலும் இடுப்பிலும் மட்டும். வாலில் அவனுக்கு அவை இல்லை. வால் கம்பியை மறைக்க நான் ஒட்டிய காட்போட் மட்டையைக் கறையான் ஒரே இரவில் தின்றது. அதுவும் நன்மைக்கே, அந்த மட்டை வேண்டாத தடிப்பு.

பல்லுக்கு நான் அதிக நேரம் செலவழித்தேன், அதில் மனஸ்தாபம் இல்லை. மேல் வாயின் முன்பகுதியில் ஒவ்வொரு பக்கமும் மூன்று பல். முதல் இரண்டு சிறிசு, மூன்றாவது நாய்ப்பல்போல நீண்டது. கீழே முதல் பல்லே பெரிய கூர்ப்பல். வாய் மூடும்போது அது புகுந்து நிற்க மேல்தாடையில் ஒரு இடைவெளி உண்டு. அதற்குப் பின்னால் உளிபோல உயர்ந்த கடைவாய்ப் பற்கள் நெருக்கமாக, ஒன்றோடொன்று உரசித் தேய்ந்த முகத்தோடு. கீழ்த்தாடையின் நுனியில் பல் இல்லாத ஒற்றை எலும்பு, அலகு பூட்டிய இடம். பறவையிடுப்புக் கூட்டம் முழுவதற்கும் இந்த ஒற்றை எலும்பு முத்திரை மாதிரி. ஆட்டின் தாடையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஆடும் முன்னால் வெட்டி, பின்னால் அரைக்கிறது, நடுவில் இடைவெளி. ஆனால் ஆடு தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி அரைக்கும், பல்லின் தேய்வே அதைச் சொல்லும். தேய்வின் சாய்வைப் பாகைமானி வைத்து அளந்து எழுதினாள். தாவரம் தின்பவனுக்குக் கூர்ப்பல் எதற்கு என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். பன்றிக்கும் உண்டுதானே என்றேன்.

விலாவில்தான் புதிய செய்தி இருந்தது. 2005இல் தென்னாபிரிக்காவின் ஓடையொன்றில் இன்னொரு பல்லன் கிடைத்தான். சுற்றியிருந்த கல் மிகக் கடினம், செதுக்கினால் எலும்பும் போகும். அதனால் பிரான்ஸின் கிரெனோபிளில் உள்ள சின்குரோத்திரன் என்ற பெரிய இயந்திரத்தின் எக்ஸ் கதிரால் கல்லுக்குள்ளேயே படம் எடுத்து, 2021இல் எழுதினார்கள். நெஞ்செலும்போடு சேரும் துடுப்பு வடிவச் சிறு விலாக்கள், வயிற்றுப் பக்கத்து மெல்லிய எலும்புகள் எல்லாம் அதில்தான் தெளிவாகத் தெரிந்தன. மூச்சு விடும் முறை இந்தக் கூட்டத்தில் எப்படி மாறியது என்பதற்குச் சாட்சி அவை. துடுப்பு வடிவத்துக்கு என்னிடம் ஏற்ற பொருள் இருந்தது: சொக்கற் வெட்டிய பொலிபுரொப்பிலீன் துண்டுகள். சூடான காற்றை ஊதும் ஹீற் கன்னால் இளக்கி வளைத்தேன். செய்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தவை அந்த எட்டுத் துண்டுகள்தான்.

கைக்கு வந்தபோது மருமகளுக்கும் எனக்கும் சின்னச் சண்டை. ஐந்து விரல், பெருவிரலிலிருந்து எண்ணினால் 2, 3, 4, 3, 2 என்று கணுக்கள். இடது கையின் ஐந்தாம் விரல் துண்டுகள் இரண்டையும் நான் வார்த்துக் காயவைத்தேன். யாரோ கூட்டும்போது குப்பையோடு போய்விட்டன. நேரம் இல்லை. "இடது கையில் ஐந்தாம் விரல் இல்லை" என்று எழுதினாள். அப்படி எழுதாதே என்றேன். இல்லை என்றால் அந்த மிருகத்துக்கே அது கிடையாது என்று அர்த்தம். இருந்தது, எங்கள் கைக்கு வரவில்லை என்றால் 'கிடைக்கவில்லை' என்று எழுத வேண்டும். எலும்புக்காரர்கள் இந்த இரண்டையும் ஒருபோதும் கலக்க மாட்டார்கள். வெட்டிவிட்டுத் திருத்தி எழுதினாள். இந்த வித்தியாசத்தை எங்கள் ஊரில் யாருக்கும் இரண்டு தரம் விளக்கத் தேவையில்லை.

அன்று இரவு அவளுக்கு மாசோஸ்பொண்டிலஸின் கதையைச் சொன்னேன். அதுவும் தென்னாபிரிக்காவின் ஆதித் தாவர உண்ணி, நீண்ட கழுத்துக்காரன். ஓவன் 1854இல் 56 எலும்புகளை வைத்துப் பெயரிட்டு எழுதினார். லண்டனில் வைத்திருந்த அந்த எலும்புகள் 1941 மே மாதக் குண்டுவீச்சில் அழிந்தன. ஆனால் யாரோ முன்கூட்டியே சாந்தில் வார்த்து அனுப்பிய பிரதிகள் கேப்டவுன் அருங்காட்சியகத்தில் இருந்தன. மூலம் போயிற்று, அச்சும் எழுத்தும் மிஞ்சின. 2010இல்தான் வேறொரு நல்ல எலும்புக்கூட்டை அந்தப் பெயருக்குரிய மாதிரியாக முன்வைத்தார்கள். மருமகள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, எங்கள் ஏழு அச்சுகளையும் எறியாமல் சாக்கில் கட்டி வைக்கச் சொன்னாள். என் அலுமாரியில் இடம் இல்லை, ஆனாலும் இருக்கிறது.

ஆனி மாதம், சோளகக் காற்று அடிக்கும் நாளில் கண்காட்சி. ஓட்டோவில் வால் வெளியே நீட்டிக்கொண்டு போனது; நுனியில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார் ஓட்டோக்காரர். சட்டமாம். விவரணை பதினெட்டுப் பக்கம், அவளே வரைந்த படங்களோடு. எல்லாப் படத்திலும் வெளிச்சம் இடது மேல்மூலையிலிருந்து விழும்படி நிழல் போட்டாள். அதுவும் எலும்புக்காரர்களின் வழக்கம், அப்போதுதான் மேடு எது பள்ளம் எது என்று பார்ப்பவர் குழம்ப மாட்டார். பார்த்தவர்களில் பாதிப் பேர் உறுமுமா என்று கேட்டார்கள். ஒரு சேர் மட்டும் பதினெட்டுப் பக்கத்தையும் நின்றபடி வாசித்துவிட்டு, 'துருசு' என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் 'நல்லது' என்று எழுதினார்.

போன கிழமை அடுப்பை இடம் மாற்றினோம். அடியில் தூசிக்குள் அந்த ஐந்தாம் விரலின் இரண்டு துண்டுகளும் கிடந்தன. பூட்டிவிடவா என்று கேட்டேன். "வேண்டாம் மாமா, கிடைக்கவில்லை எண்டு எழுதிக் குடுத்தாச்சு. இரண்டாவது பதிப்பில போடுவம்" என்றாள். நெருப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் போட்டு, மேலே திகதியும் இடமும் எழுதி ஒட்டியிருக்கிறாள்: 'அடுப்பின் கீழ், வடக்கு மூலை, சுவரிலிருந்து 14 சென்ரிமீட்டர்.'